ஹட்ஸ்பெத் கவுன்ட்டியில் நிலம் வாங்கித் தற்சார்பாக வாழ முடியுமா? – சிலரின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு * குறிக்குப் பிறகும் வேறொருவர் எழுதுகிறார்)

டெக்சாஸின் மேற்குக் கோடியில், எல் பாசோவுக்குக் கிழக்கே இருக்கிறது ஹட்ஸ்பெத் கவுன்ட்டி. பரப்பு 4,572 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 3,202 பேர். பழைய கார் விலைக்கு நிலம் என்ற விளம்பரத்தைப் பார்த்து டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கும் ஆசை வருகிறது. விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள்.

ஆண்டு மழை பெரும்பகுதியில் 250 மி.மீ. அளவுதான். அதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியோடு கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் தகரக் கூரைக்கு 25,000 லிட்டர் விழும். சிதறியதும் வழிந்ததும் போக 20,000 தேறும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் இரண்டு பேருக்கு ஆண்டுக்கு 36,500 வேண்டும். ஆகவே 180 சதுர மீட்டர் கூரை. மழை பாதியாகிப் போகும் ஆண்டையும் தாங்க வேண்டுமென்றால் 360. வீட்டுக் கூரை அவ்வளவு வராது. தூண் நட்டு, சுவர் இல்லாமல் தகரம் மட்டும் போட்ட கொட்டகைதான் வழி. வீட்டுக்கு முன்னால் அதைக் கட்டுங்கள்.

அக்டோபரிலிருந்து ஜூன் வரை 270 நாளைத் தாண்ட 27,000 லிட்டர் சேமிப்பு வேண்டும். 2,500 காலன் தொட்டி ஒன்றில் 9,500 லிட்டர் பிடிக்கும், மூன்று வாங்கினால் சரியாக இருக்கும். கறுப்பு அல்லது கரும்பச்சை நிறம் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தொட்டியில் பாசி பிடிக்கும். மழை தொடங்கியதும் 100 சதுர மீட்டருக்குக் குறைந்தது 40 லிட்டரை வெளியே விட்டுவிட வேண்டும். வசந்த காலப் புழுதிக் காற்றுக்குப் பிறகு வரும் முதல் மழையென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு.

இது குடிக்க, குளிக்க, சமைக்க. 100 சதுர மீட்டர் காய்கறித் தோட்டமோ கோடையில் நாளொன்றுக்கு 500 லிட்டருக்குக் குறையாமல் கேட்கும். இரண்டு பேர் ஐந்து நாள் புழங்கும் தண்ணீர் அது. சாப்பாட்டையும் அந்த மண்ணிலேயே விளைவித்துக்கொள்ளலாம் என்று வருபவர்களின் திட்டம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

*

கிணறு தோண்டினால் என்ன என்று அடுத்து கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் நீர் மேம்பாட்டு வாரியத்தின் இணைய வரைபடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் கொடுத்த அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. வாங்க நினைக்கும் இடத்தைச் சுற்றி எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது, நிமிடத்துக்கு எத்தனை காலன் என்று பாருங்கள். கைவிட்டு மூடிய கிணறுகளின் அறிக்கைகளையும் விடாமல் படியுங்கள். அவைதான் அதிகம் பேசும்.

ஆழத்தைவிட உப்புதான் தலைவலி. கவுன்ட்டியின் வடகிழக்கே இருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து கடலுக்கு வடிகால் கிடையாது. வந்த தண்ணீர் அங்கேயே ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. 1877-ல் சண்டை மூண்டதே குவாடலூப் மலையடிவாரத்து உப்பு ஏரிகளுக்காகத்தான். அந்தப் பக்கத்து ஊரான டெல் சிட்டியில் விவசாயம் நடக்கிறதே என்று காட்டுவார்கள். அங்கே நிலத்தடி நீர் தாராளம். உப்பு வேர்ப் பகுதியில் தங்காதபடி கூடுதலாகப் பாய்ச்சிக் கீழே தள்ளிவிடுகிறார்கள். பத்து ஏக்கர்காரருக்கு அந்த வசதி இல்லை. லிட்டருக்கு 1,000 மி.கி. கரைந்த உப்பு இருந்தாலே பீன்ஸ் இலை ஓரம் கருகி, காய்ப்பு குறைந்துவிடும். ஆர்.ஓ. வைத்தால், சுத்தமாக வருகிற அளவுக்குக் கழிவு நீரும் போகும்.

வண்டியில் கொண்டுவருவதானால் எடையைப் பாருங்கள். கம்பிக்கூண்டு போட்ட 275 காலன் தொட்டி நிரம்பினால் 1,040 கிலோ, தொட்டி எடை தனி. சாதாரண பிக்கப் அதைத் தாங்காது. முக்கால் தொட்டியாகவும் ஓட்டாதீர்கள். மணல் திருப்பத்தில் தண்ணீர் அலைமோதி வண்டியையே இழுக்கும். தொட்டியில் முன்பு என்ன இருந்தது என்ற சீட்டு இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

*

மேலே இருவரும் தண்ணீரைச் சொல்லிவிட்டார்கள், நான் பத்திரத்துக்கு வருகிறேன். இங்கே பல மனைகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வரைபடத்தில் மட்டும் பிரிக்கப்பட்டவை. படத்தில் சாலை இருக்கும், தரையில் புதர்தான் இருக்கும். சியரா பிளாங்காவில் உள்ள கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடத்தை வாங்கி, பொதுச் சாலையிலிருந்து உங்கள் எல்லைக்கல் வரை எழுத்தில் பதிவான வழியுரிமை இருக்கிறதா என்று ஒவ்வொரு மனையாகத் தொட்டுப் பாருங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் இன்று கேட்டைத் திறந்து விடுவது உரிமை ஆகாது.

பாக்கி வரி, கனிம உரிமை யாரிடம், டிரெய்லர் நிறுத்தத் தடை உண்டா என்பதையும் விசாரியுங்கள். தவணை முடியும்வரை பத்திரத்தை விற்பவரே வைத்திருக்கும் ஒப்பந்தம் வேண்டாம். உத்தரவாதம் எதுவும் தராமல், ‘எனக்கு இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று மட்டும் எழுதும் பத்திரமும் வேண்டாம்.

டெக்சாஸில் கவுன்ட்டிகளுக்குப் பொதுவாக மண்டல விதி, அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதி, போடும் அதிகாரம் இல்லை. ஆனால் கழிவுநீருக்கு விதி உண்டு. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தனி வீட்டுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதியிலிருந்து விலக்கு கிடைக்கும். ஐந்து ஏக்கருக்குக் கிடையாது. மண் சோதனையில் தேறாவிட்டால் விலை கூடிய அமைப்புதான் போட வேண்டியிருக்கும். உள்ளூர் விதி கடுமையாக இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

*

நேரில் போகிறவர்கள் கடப்பாரை கொண்டுபோங்கள். மூன்று இடத்தில் இரண்டடி தோண்டிப் பாருங்கள். வெள்ளையாக, சுண்ணாம்பு இறுகிய அடுக்கு தட்டினால் அது கலிச்சே. கடப்பாரை டணார் என்று திரும்பி வரும். குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே மரம் வேர்விடாது, செப்டிக் கழிவும் இறங்காது. நம் ஊர் சீமைக்கருவேலத்தின் சொந்தமான மெஸ்கீட் அங்கேயும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு நீர் மேலாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அதன் வேர் மிக ஆழம் போகும்.

காய்ந்த ஓடைக்கு அருகில் சமதளமாக அழகாக இருக்கும் இடத்தைத் தவிருங்கள். புதர்க் கிளைகளில் சருகும் குச்சியும் ஒரே பக்கமாகச் சிக்கியிருக்கிறதா பாருங்கள். அந்த உயரம் வரை வெள்ளம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சோலார் பற்றி ஒன்று. வெயிலுக்குக் குறைவில்லை, பிரச்சினை பேட்டரியில்தான். சியரா பிளாங்கா சுமார் 1,375 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். காப்புப் பெட்டிக்குள் வையுங்கள், குளிரில் சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணு அமைப்பு) இருப்பதை உறுதிசெய்யுங்கள். கோடைக்கு ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிறியதே மணிக்கு 15 லிட்டர் குடித்தால் எட்டு மணி நேரத்துக்கு 120 லிட்டர். முதலில் எழுதியவர் போட்ட நாளொன்றுக்கு 100 லிட்டர் கணக்கை இது ஒன்றே தாண்டிவிடும். அதனால் கனமான சுவரும் நிழலும் முதலில்.

*

தோட்ட ஆசையை முழுதாக விட வேண்டாம் என்பேன். குளியல், துணி துவைத்த தண்ணீரை நாளொன்றுக்கு 400 காலன் வரை வீட்டுச் செடிகளுக்கு அனுமதி வாங்காமலே பயன்படுத்த டெக்சாஸ் விடுகிறது. பீய்ச்சித் தெளிக்கக் கூடாது, சமையலறைத் தண்ணீர் சேராது. இரண்டு பேர் வீட்டில் 60 லிட்டர் கிடைத்தால் மாதுளை, அத்தி என்று நான்கைந்து மரம் தாங்கும். சோடியமும் போரானும் இல்லாத சோப்பு வாங்குங்கள்.

கவுன்ட்டிக்குள் மருத்துவமனை இல்லை. சியரா பிளாங்காவிலிருந்து எல் பாசோ சுமார் 140 கி.மீ. கிழக்கே 50 கி.மீ. சொச்சத்தில் வான் ஹார்னில் சிறியது ஒன்று உண்டு. கவுன்ட்டி அலுவலகத்துக்கு டாலஸிலிருந்து போன் செய்பவர்கள் கவனிக்க: ஹட்ஸ்பெத் மலைநேரத்தில் (மவுன்டன் டைம்) இயங்குகிறது, உங்கள் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். காலை எட்டுக்கு அழைத்தால் அங்கே ஏழுதான்.