பழைய விறகடுப்பு இன்செர்ட்டைச் சீர்செய்தவர்கள், தூக்கிப் போட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

சாம்பல்வாளி:

கதவு இடுக்கை அடைக்கும் கயிறு, உட்பக்கத்துக்கு இரண்டு தீச்செங்கல், ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட். சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்றுதான் கை வைத்தேன். வீட்டோடு வந்த இன்செர்ட், அதாவது கணப்புக்குள் சொருகி வைக்கும் இரும்பு விறகடுப்புப் பெட்டி. முன்பு இருந்தவர்கள் 30 வருடம் எரித்ததாகச் சொன்னார்கள், நாங்களும் போன குளிர்காலம் முழுக்க எரித்தோம். ஒரு குறையும் தெரியவில்லை.

செங்கற்களைக் கழற்றி அடுக்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று டார்ச் சோதனை செய்தேன். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவைச் சுற்றி வெளிச்சம் கசிந்தது. கயிறு நைந்துபோனது தெரிந்த கதைதானே. அப்புறம் முன்புற மறைப்புத் தகட்டை எடுத்துவிட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கத்து இடுக்கில் எட்டிப் பார்த்தேன். இடது பின்மூலையில் ஒரு வெளிச்சக் கோடு. தலைமுடி அளவு கனம், என் சுண்டுவிரல் நீளம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: “போன வருஷம் இதுக்கு முன்னாடிதானே பாப்பாவைத் தூங்க வெச்சோம்?”

அதற்குப் பிறகு பெயின்ட் டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?

முதுகுவலி:

கோடு இருக்கட்டும். பெட்டியை வெளியே இழுத்தீர்களா? இழுத்துப் பார்க்காமல் சீர்செய்வது, புதிது வாங்குவது எதையும் பேசாதீர்கள்.

நாங்கள் நாலு பேர். அடியில் இரும்புக் குழாய் போட்டு உருட்டித்தான் எடுத்தோம். 200 கிலோவுக்குக் குறையாது, முன்தரை ஓடு இரண்டு போயிற்று. பின்னால் புகைக்குழாய் இருக்கும் என்றே 11 வருடம் நம்பியிருந்தேன். குழாயே இல்லை! பெட்டியின் தலையில் ஒரு ஓட்டை, அதற்கு மேல் வெறும் செங்கல் புகைபோக்கி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கணப்புக்குள் அப்படியே சொருகிவிட்டுப் போய்விடுவார்களாம். புகை அந்த அகலமான கூட்டுக்குள் அலைந்து, ஆறி, சுவரெல்லாம் அப்பிக்கொண்டிருக்கிறது.

புகைபோக்கி துப்புரவுக்காரர் உள்ளே தலையை விட்டு நகத்தால் சுரண்டினார். உதிரவில்லை. தாரை ஊற்றி இறுகவிட்டது போல் கறுப்பாக மின்னியது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். டிங். கண்ணாடியைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

“எத்தனை வருஷமா இப்படி எரிக்கிறீங்க?” என்றார். சொன்னேன். பதிலே பேசாமல் நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதிது வாங்கினேன், லைனரோடு: புகைபோக்கிக்குள் மேலே மூடி வரைக்கும் போகும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்.

பழசே போதும்:

முதுகுவலி சொல்வது பயங்கரம்தான், மறுக்கவில்லை. ஆனால் குற்றம் பெட்டியுடையதா? லைனர் இல்லாமல் சொருகியவனுடையது. பழைய பெட்டிக்கே லைனர் போட்டிருந்தால் இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

என்னுடையது வார்ப்பிரும்பு. கதவை இறுக்கும் போல்ட் துருவேறிக் கல்லாகிக் கிடந்தது. மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுபடுத்தித் திருகினேன், கழுத்தோடு முறிந்தது. நடுவில் துளை போட்டு, மரை வெட்டி, புது போல்ட் வைக்க ஒரு முழு நாள். தீச்செங்கல் ஒன்பது மாற்றினேன். உள்ளே மேற்கூரை போல இருக்கும் தடுப்புத் தகடு கோணியிருந்தது, அதே கனத்தில் வெட்டி வாங்கினேன். கதவுக் கயிற்றைப் பழைய பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு ஒட்டினேன்.

பிறகு காகிதச் சோதனை. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். முன்பெல்லாம் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். அன்றைக்கு இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன், கிழிந்தது. பாதி கையில், பாதி கதவில். சிரிப்பீர்கள், அந்தக் கிழிந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

சாம்பல்வாளி, உங்களுடையது வார்ப்பிரும்பா, எஃகுத் தகடா? எஃகு என்றால் விரிசலை வெல்டிங் செய்யலாம். வார்ப்பிரும்பு என்றால் முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் குச்சி வைத்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். அடுப்பு சிமென்ட் அப்பிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கொஞ்ச நாள் எரித்தால் உதிர்ந்துவிடும்.

கண்ணாடித்துண்டு:

சின்ன அனுபவம். கதவுக் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. கண்ணாடிக் கடையில் “வெப்பம் தாங்கும்” என்று டெம்பர்டு கண்ணாடி வெட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் நல்ல தீயில் டப்பென்று ஒரு சத்தம். கம்பளமெங்கும் உப்புக்கல் மாதிரி சிதறல், கதவில் வெறும் சட்டம், அதன் வழியாக நெருப்பு என்னைப் பார்க்கிறது.

அடுப்புக்கு செராமிக் கண்ணாடிதான் போட வேண்டும். டெம்பர்டு தாங்குவது சுமார் 250 டிகிரி, செராமிக் 700 டிகிரிக்குப் பக்கத்தில் தாங்கும். இதெல்லாம் பிறகு படித்தது. இப்போதும் விறகு சடசடத்தால் ஒரு அடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன்.

கணக்கு வாத்தியார்:

நான் புதிது வாங்கியவன். முதல் குளிர்காலம் முழுக்க அதைத் திட்டினேன். கண்ணாடி கறுத்தது, தீ பிடிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் விறகு ஈரம். கட்டையின் முனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வரும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே யாரும் புகைக் கணக்கைப் பேசவில்லையே? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகடுப்புப் புகைக்கு முதன்முதலில் வரம்பு வைத்தது 1988-ல். அதற்கு முன் செய்த பெட்டிகளுக்கு எந்த வரம்பும் கிடையாது, மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை தள்ளும் என்று அந்த முகமையே சொல்கிறது. 1990-ல் புகையை எரிக்க உதவும் வினையூக்கி உள்ளதற்கு 4.1, இல்லாததற்கு 7.5 கிராம் என்று இறுக்கினார்கள். 2020 மே மாதத்திலிருந்து 2 கிராம், சாதாரண விறகை வைத்துச் சோதித்தால் 2.5. கயிறும் செங்கலும் மாற்றுவதால் பழைய பெட்டி புதிய பெட்டி ஆகிவிடாது. மேலே சிறு துளைகள் போட்ட குழாய்கள் வழியாகச் சூடான காற்று இறங்கி, புகையையே எரிக்கிறதே, அந்த அமைப்பே அதில் இல்லை.

இரண்டாவது, லைனர். பழைய இன்செர்ட்டுகளில் பலவற்றுக்குப் புகைவாய் 8 அங்குலம், சிலவற்றுக்கு நீள்சதுரம். இப்போது வருபவை பெரும்பாலும் 6 அங்குலம். பழையதற்கு 8 அங்குல லைனர் வாங்கி இறக்கிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பெட்டியை மாற்ற நினைத்தால் அந்த லைனரும் பொருந்தாது. செங்கல் கூட்டுக்குள் 8 அங்குலம் இறங்குமா என்பதே சந்தேகம்.

மூன்றாவது, விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டரை வெளிப்பக்கம் குத்தாதீர்கள், கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். நான்காவது, பின்புறத்தில் பாதுகாப்புச் சோதனை விவரம் பொறித்த தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எரியும் பொருள் எத்தனை தூரத்தில் இருக்கலாம் என்பதற்கு ஆதாரமே கிடையாது, காப்பீட்டுக்காரர்களும் கேட்பார்கள். ஐந்தாவது, கார்பன் மோனாக்சைடு அலாரம்...

இரண்டுமுறை வெட்டியவன்:

வாத்தியாரே, ஐந்தாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கேட்டது “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று. பரீட்சைத் தாள் கேட்கவில்லை.

கணக்கெல்லாம் பார்த்து நானும் புதிதுதான் வாங்கினேன். பெட்டி வந்து, லைனர் இறங்கி, எல்லாம் அழகு. முதல் கட்டையை எடுத்து உள்ளே வைத்தேன். கதவு சாத்தவில்லை. திருப்பி வைத்தேன். சாத்தவில்லை. டேப் எடுத்து அளந்தேன்: கட்டை 50 சென்டிமீட்டர், பெட்டி 40. கொட்டகையில் இரண்டு வருடத்துக்கு வெட்டிப் பிளந்து காயவைத்த விறகு, கூரை தொடும் உயரத்துக்கு, அத்தனையும் 50 சென்டிமீட்டர்!

மூன்று வார இறுதிகள் ரம்பத்தோடு கழிந்தன. ஒவ்வொரு கட்டையிலிருந்தும் 10 சென்டிமீட்டர் துண்டு. அந்தத் துண்டுகள் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. என் மச்சான் வரும்போதெல்லாம் ஒரு துண்டைக் கையில் எடுத்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். வாங்குமுன் உள்ளளவைப் பாருங்கள் என்று எந்தச் சுற்றுச்சூழல் முகமையும் எனக்குச் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம்:

பழசே போதும் அண்ணா, “பழைய பள்ளத்தைச் சுரண்டி” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சமையலறை மேசையில் கதவைப் படுக்கவைத்து, கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தேன். வெளுத்த தூசி பறந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பிய்த்த நாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் 1970-களின் கதவுக் கயிறுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு என்று தெரிந்தது. எங்களுடையதில் இருந்ததா? கயிறு குப்பைக்குப் போய்விட்டது, இனிச் சோதிக்க வழியில்லை. பழையதைச் சீர்செய்பவர்கள் முதலில் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுங்கள். குறைந்தபட்சம் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள்.

பழசே போதும்:

நியாயம். என்னுடையது பிற்காலத்துப் பெட்டி, அதனால் யோசிக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

வாத்தியாருக்கும் ஒரு வார்த்தை. காய்ந்த விறகும் நல்ல தீயும் இருந்தால் என் புகைபோக்கியிலும் புகை தெரியாது. நீங்கள் ஈர விறகைப் புதுப் பெட்டியில் எரித்த அந்தக் குளிர்காலத்தில் எத்தனை கிராம் தள்ளினீர்களோ?

கணக்கு வாத்தியார்:

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? சரி, ஈர விறகு விஷயத்தில் தலை குனிகிறேன்.

சாம்பல்வாளி:

எல்லோருக்கும் நன்றி. முதுகுவலி சொன்னபடி இழுத்துவிட்டோம், தரை ஓடு தப்பியது. எஃகுத் தகடு. லைனர் இருக்கிறது, ஆனால் ஆறடி மட்டும், மேலே அந்தரத்தில் நிற்கிறது. பழைய கதவுக் கயிற்றை, வாத்தியார் சொல்லாத, “பெயர் வேண்டாம்” சொன்ன காரணத்துக்காகப் பையில் கட்டி வைத்திருக்கிறேன், சோதனைக்குப் போகிறது.

வெல்டிங் தெரிந்தவர் ஒருவரை அழைத்து வந்தேன். ஒட்டிவிடலாம் என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன், உள்ளுக்குள் ஆசையும் அதுதான். அவர் விரிசலைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் கணீரென்று கேட்டது. பின்மூலை நெருங்க நெருங்கச் சத்தம் மட்டுப்பட்டது, மண்பானை மாதிரி. ஒரு இடத்தில் நிறுத்தி, கூர்முனையை வைத்து லேசாக ஒரு தட்டு. முனை உள்ளே போய்விட்டது. எடுத்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. “ஒட்டறதுக்கு இரும்பு வேணுமே சார்” என்றார்.

ஆக, புதிது. விறகை அளந்துவிட்டேன், 38 சென்டிமீட்டர், பொருந்தும். பெட்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. கதவை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை, அது கல்லு மாதிரி இருக்கிறது. கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பழசே போதும்:

அந்தக் கதவின் கீல் குச்சி எத்தனை மில்லிமீட்டர்? என்னுடையது தேய்ந்து ஆடுகிறது.

சாம்பல்வாளி:

12. அனுப்பி வைக்கவா?