ஹோட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டதா? நடந்ததைச் சொல்லுங்கள்

வெளியில் சாப்பிட்டு வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுவோம். உண்மையில் வயிற்றைக் கெடுத்த கடையும் பண்டமும் பல நேரம் வேறாக இருக்கும். எனக்கு நடந்தது: ராத்திரி ஒன்பது மணிக்கு முட்டை ஃபிரைட் ரைஸ், பதினொன்றரைக்கு வாந்தி. காய்ச்சல் இல்லை. அதே மேசையில் பரோட்டா சாப்பிட்ட தம்பி குறட்டை விட்டுத் தூங்குகிறான். வீட்டில் எல்லோரும் முட்டையைத்தான் குறை சொன்னார்கள். டாக்டரோ மணியை மட்டும் கேட்டுக்கொண்டு, "முட்டை இல்லப்பா, சோறா இருக்கும்" என்றார். முட்டை, கோழி வழியாக வரும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா உள்ளே போய்ப் பெருகிப் படுத்த ஆறு மணி நேரமாவது வேண்டும், சிலருக்கு ஆறு நாள்கூட ஆகலாம், பெரும்பாலும் காய்ச்சலும் வரும். இரண்டரை மணி நேரத்தில் வாந்தி என்றால், சாப்பிடும்போதே அதில் நஞ்சு இருந்திருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம் என்றார்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: அந்தச் சோறு எப்படிக் கெடுகிறது என்று நான் சொல்கிறேன், ஹோட்டல் அடுப்படியில் நின்றவன். சுடுசோற்றில் ஃபிரைட் ரைஸ் போட்டால் குழைந்துவிடும். அதனால் மதியமே வடித்துப் பெரிய ட்ரேயில் கொட்டிவிடுவோம். ஃபிரிட்ஜில் கறியும் மாவும் அடைத்துக்கொண்டிருக்கும், ட்ரேக்கு ஏது இடம்? அடுப்புக்குப் பக்கத்திலேயே ராத்திரிவரை கிடக்கும். மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பு. கொதியிலும் சாகாத அந்த பாக்டீரியாவின் வித்துகள் அந்தச் சூட்டில்தான் முளைத்து நஞ்சைக் கக்கும். அப்புறம் தீ எகிற வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. கெட்ட வாடையும் அடிக்காது, அதுதான் கொடுமை.

பிரியாணி அண்டா வேறு கதை. 60 டிகிரிக்கு மேல் சூடாக இல்லாமல் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் கிடந்தால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்ற பாக்டீரியா பெருகும். மதியம் சாப்பிட்டவருக்கு ராத்திரி வயிற்றைப் பிசையும், பேதியாகும், வாந்தி அவ்வளவாக இருக்காது. மயோனைஸைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், பச்சை முட்டையில் செய்வதைத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது.

*

எனக்கு மீன். சூரை வறுவல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, பிறகு பேதி. அலர்ஜி என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் அலர்ஜி போலவே படுத்தும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும், வறுத்தாலும் போகாது என்று டாக்டர் விளக்கினார். அலர்ஜியா, ஹிஸ்டமினா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக மறுபடி சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

*

நான் நர்ஸ். வருகிறவர்கள் எல்லோரும் கடைசி வேளைச் சாப்பாட்டை மட்டுமே சொல்வார்கள். நோரோ வைரஸ் என்றால் தொற்றியது 12 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னால், வீட்டில் குழந்தைக்கு வந்ததுகூட ஒட்டியிருக்கலாம். அதனால் இரண்டு நாள் சாப்பாட்டையும் கேட்போம். ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வாய் வாயாகக் குடியுங்கள், மடமடவென்று குடித்தால் திரும்ப வந்துவிடும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் போகாமை, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். கடையில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.