அசுவினி வயிற்றில் வைரஸ் பெருகுமா, பெருகாதா?

பண்ணைக்காட்டு வாத்தியார்: நேற்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார்: “வாழையின் முடிக்கொத்து நோய் வைரஸ் அசுவினியின் வயிற்றில்தான் பெருகுகிறது. கன்று விற்றவனைக் குறை சொல்லாதீர்கள், பூச்சியைக் கொல்லுங்கள்.” படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வாழைச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வெறும் சுமைகூலி. சாற்றோடு குடலுக்குள் போன வைரஸ் உமிழ்நீர்ச் சுரப்பி வழியாக அடுத்த வாழையில் இறங்குகிறது. பெருகுவது வாழையின் செல்லுக்குள்.

தாண்டிக்குடி மிளகு: நண்பர் என்று நாசூக்காகச் சொல்ல வேண்டாம், எழுதியவன் நான்தான். டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுகிறதா இல்லையா? பெருகுகிறது. கொசுவும் பூச்சி, அசுவினியும் பூச்சி. முடிந்தது.

பண்ணைக்காட்டு வாத்தியார்: பசுவுக்கும் நான்கு கால், கட்டிலுக்கும் நான்கு கால். கட்டிலில் பால் கறந்து காட்டுங்கள். டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ், கொசுவின் குடல் செல்லிலும் நகலெடுக்கத் தெரிந்தது. இதுவோ ஒற்றை இழை டி.என்.ஏ.; ஆறு குட்டி வளையங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 1,100 மரபு எழுத்துகள். நகலெடுக்கும் நொதி சொந்தமாகக் கிடையாது. வாழை செல்லின் உட்கருவுக்குள் நுழைந்ததும் செல்லின் நொதியே எதிர் இழையைப் பின்னித் தருகிறது. பிறகு வைரஸின் புரதம் ஒன்று வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிட, நூல்கண்டு உருள உருள நூல் பிரிவதுபோலப் புதிய இழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அசுவினிக்குள் இது எதுவும் நடப்பதில்லை.

குன்னூர் தேயிலை: பழநி மலைக்காரர்களுக்கு வைரஸ் பாடமா? எங்கள் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லேயே வந்துவிட்டது. வெறிநாய்க்கடி வைரஸ் உட்கருவுக்குள் போவதே இல்லை, நரம்பு செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவைச் சுற்றியுள்ள கூழில் பெருகுகிறது. உட்கரு என்று வாத்தியார் அடித்துச் சொல்வது எப்படி?

பண்ணைக்காட்டு வாத்தியார்: வாழைத் தோட்டத்தில் ஏன் நாயை அவிழ்த்துவிடுகிறீர்கள்?

குன்னூர் தேயிலை: பதில் இல்லையென்றால் நையாண்டி. நீலகிரியில் இப்படிப் பேசமாட்டோம்.

தாண்டிக்குடி மிளகு: பார்த்தீர்களா, குன்னூர்க்காரரே சந்தேகப்படுகிறார். பெருகாமலா ஓர் அசுவினி நாள் கணக்கில் வைரஸைச் சுமந்து திரிகிறது?

பண்ணைக்காட்டு வாத்தியார்: சுமப்பது வேறு, பெருகுவது வேறு. பஸ்ஸில் ஐம்பது பேர் வத்தலக்குண்டு போனால், பஸ் ஐம்பது பேரைப் பெற்றது என்பீர்களா? அசுவினி முட்டையிடாமல் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிக்குத் தாயிடமிருந்து இந்த வைரஸ் வருவதில்லை. நோய்வாழையில் சாறு குடித்தால்தான் வரும்.

தாண்டிக்குடி மிளகு: தாத்தாவுக்கு மலேரியா வந்தால் பேரனுக்கும் வர வேண்டுமா? மீண்டும் சொல்கிறேன், கொசு பூச்சி.

பஞ்சாமிர்தப் பிரியை: சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கினார்களே, அதில் போடும் விருப்பாச்சிப் பழம் இப்போது எங்கே கிடைக்கிறது? பழைய மணமே இல்லை.

தாண்டிக்குடி மிளகு: என் தோட்டத்துப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள், அம்மா.

பண்ணைக்காட்டு வாத்தியார்: அவர் தோட்டத்துச் சங்கதி எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவரிடம்தான் 200 கன்று வாங்கினேன். 63 கன்றுகளில் முதல் இலையே குறுகி, ஈட்டிபோல் விறைத்து நின்றது. காம்பை வெயிலுக்கு நேரே பிடித்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடும், தந்திச் செய்தி மாதிரி. நட்ட பிறகு அசுவினி கடித்திருந்தால் முதல் சில இலைகள் நன்றாக வந்து, பிறகுதான் கோடு தெரியும். முதல் இலையிலேயே தெரிந்தால் கிழங்கிலேயே இருந்தது என்று அர்த்தம். “வயிற்றில் பெருகுகிறது” என்று இவர் ஏன் விடாப்பிடியாக நிற்கிறார் என்று இப்போது புரிகிறதா?

தாண்டிக்குடி மிளகு: ஆக இது அறிவியல் இல்லை, கன்றுப் பாக்கி! வாங்கிய அன்று புரட்டிப் புரட்டிப் பார்த்தது யார்? பேரம் பேசிக் கன்றுக்கு மூன்று ரூபாய் குறைத்தது யார்?

பண்ணைக்காட்டு வாத்தியார்: கிழங்குக்குள் இருக்கும் வைரஸைப் புரட்டிப் பார்த்தால் தெரியுமா? அடுத்த முறை திசு வளர்ப்புக் கன்றுதான் வாங்குவேன், அதுவும் பரிசோதித்த சான்றோடு. கேள்விக்கு வாருங்கள். பெருகுமா, பெருகாதா?

தாண்டிக்குடி மிளகு: பெருகும். கொசுவுக்குள் பெருகுகிறதே.

பஞ்சாமிர்தப் பிரியை: பழம் பற்றிக் கேட்டேன்.

குன்னூர் தேயிலை: நானும் சைட்டோபிளாசம் பற்றிக் கேட்டேன்.