கார்பன் டாட் மை: குப்பியில் ஜொலிக்கிறது, லேபிளில் காணோம்

மைக்கூடு (கிண்டி):
பட்டுச்சேலையில் போலியைக் கண்டுபிடிக்க, லேபிளில் தடவும் கார்பன் டாட் (ஒளிரும் நானோ அளவு கார்பன் துகள்) மை செய்தேன். சிட்ரிக் அமிலம் 1.05 கிராம், எத்திலீன்டையமின் 335 மைக்ரோலிட்டர், தண்ணீர் 10 மில்லி. டெஃப்லான் குடுவை வைத்த ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலன்) 200 டிகிரி, 5 மணி நேரம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் கரைசல் பளீரென்று நீலம். பட்டுச்சேலை லேபிளில் தடவிக் காய்ந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. கெட்டியாகத் தடவினால் இன்னும் மங்கல். எங்கே தப்பு?

ஊதாக்கண்ணாடி:
முதலில் வெறும் லேபிளில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் பிரைட்டனர் (தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் நீல ஒளிர்வி) இருக்கும்; அதுவும் உங்கள் டாட்டும் 440 நானோமீட்டர் பக்கமே ஒளிர்வதால் ஒன்றில் ஒன்று மறைந்துவிடும். ரூபாய் நோட்டுத் தாள் புற ஊதாவில் மந்தமாக இருப்பது இதற்காகத்தான். பிரைட்டனர் இல்லாத தாள் கேளுங்கள், லாட்டுக்கு லாட் சோதியுங்கள்.

கெட்டியானால் மங்குவது வேறு கோளாறு. காயும்போது டாட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைக்கிறது. அவற்றைப் பிரித்து வைக்க பாலிவினைல் ஆல்கஹால் (தண்ணீரில் கரைந்து, காய்ந்தால் படலமாகும் பாலிமர்) வேண்டும்: 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம். பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிய பிறகே 90 டிகிரிக்கு ஏற்றுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகி, எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

டயாலிசிஸ்தாசன்:
சுத்திகரித்தீர்களா? இந்தச் சேர்மானத்தில் ஒளிர்வதில் பெரும்பங்கு டாட்டே அல்ல, கூடவே உருவாகும் சின்ன மூலக்கூறு. வெயிலில் அது சீக்கிரம் வெளுக்கும். 1000 டால்டன் டயாலிசிஸ் பையில் (சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) போட்டுத் தண்ணீரில் வையுங்கள்; வெளித் தண்ணீர் டார்ச்சில் ஒளிராமல் போகும் வரை அதை மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் பையில் மிஞ்சும் ஒளி பாதிக்கும் கீழே போனால் பதறாதீர்கள், அதுதான் உங்கள் உண்மையான சரக்கு.

மைக்கூடு:
வெளித் தண்ணீர்தான் பையைவிடப் பிரகாசமாக இருக்கிறது! சரி, நீலம் மட்டும் போதுமா?

ஊதாக்கண்ணாடி:
போதாது. துணி சோப்புத்தூளிலேயே நீல ஒளிர்வி இருக்கிறது, போலி போடுகிறவனுக்கு அதுவே போதும். டார்ச்சை அணைத்த பிறகு தெரிவதைப் பாருங்கள். பாலிவினைல் ஆல்கஹால் படலம் நன்றாக உலர்ந்திருந்தால் டாட் பச்சையாக ஒரு நொடி போலத் தங்கும். பிரைட்டனரோ அணைத்த கணமே போய்விடும். தாள் பிரச்சினையும் இதில் பாதி தீர்ந்தது.

ஆனால் நம்ம ஊர்க் காற்றில் படலம் ஈரம் குடித்ததும் அந்தப் பச்சை செத்துவிடும். அடுப்பில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் மேலே வார்னிஷ் பூசுங்கள். புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷ் வேண்டாம், 365 உள்ளேயே போகாது. மலிவு ஊதா டார்ச்சுகளும் பெரும்பாலும் 395தான். ரிச்சி தெருவில் வாங்கினால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி உள்ள 365 என்று கேட்டு வாங்குங்கள்.