மழைக்கு முன், மழைக்குப் பின்: பீ மதிப்பு 0.73இலேயே நிற்கிறது, உதவுங்கள்

உப்புவெளிப் பெண்
அண்ணாமார், அக்காமார், அவசரம். நாளை மறுநாள் எங்கள் சேருக்குக் காட்ட வேண்டும். கிணற்று நீரின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடினால் அதுவும் கூடும்), மழைக்கு முன் 8 அளவீடு, பின் 8 அளவீடு. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டீ சோதனை போட்டால் பீ 0.73. 0.05க்குக் கீழே வந்தால்தானே வித்தியாசம் தற்செயல் இல்லை என்று எழுதலாம். வாயில் வைத்தாலே உப்புக் குறைந்தது தெரிகிறது. எங்கே பிழை?

மூதூர் வாசகன்
எந்த மென்பொருள் தங்கச்சி? எந்தெந்த மாதம் அளந்தீர்கள்? இலக்கங்களைப் போட்டால்தானே பார்க்கலாம்.

கணக்கு வாத்தியார்
8 அளவீட்டை வைத்துக்கொண்டு டீ சோதனையா? குறைந்தது 30 வேண்டும். வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

நிலாவெளிக் காற்று
இரண்டு குழுவின் மாறற்றிறனும் (பரவலும்) சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறைதான் காரணம், அடித்துச் சொல்வேன். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் இரண்டு முறைக்கும் இரண்டு வரி தரும். ஆர் மென்பொருள் கேட்காமலே வெல்ச்சை எடுத்துவிடும். மாறற்றிறன் சமம் என்று மாற்றிப் பாருங்கள்.

கிண்ணியா அக்கா
தம்பி, இரண்டு பக்கமும் 8 என்றால் இரண்டு முறையிலும் டீ ஒன்றேதான், பீ பெரிதாக அசையாது. தங்கச்சி, முன்பும் பின்பும் அதே 8 கிணறா, வேறு வேறு கிணறா? அது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

உப்புவெளிப் பெண்
ஓம் அக்கா, அதே கிணறுகள்தான். தெரியும்தானே என்று எழுதவில்லை. மென்பொருள் ஆர். அளந்தது செப்டம்பரிலும் ஜனவரியிலும். கடற்கரையில் வலை காயப்போடும் இடத்துக் கிணறு 2450, பிறகு 2310. மற்றவை 1980–1890, 1720–1560, 1340–1260, 1100–950, 860–790, 720–600. கடைசி, வயல் பக்கம் 610–520. எல்லாம் மைக்ரோசீமன்ஸில்.

கிண்ணியா அக்கா
இதைத்தான் கேட்டேன். வலைக் கிணற்றுக்கும் வயல் கிணற்றுக்கும் 1840 வித்தியாசம். மழை குறைத்தது 70இலிருந்து 160 வரைதான். இரண்டு தனிக் குழு என்று நீங்கள் கொடுத்ததால், கிணற்றுக்குக் கிணறு உள்ள அந்தப் பெரிய வித்தியாசத்துக்குள் மழையின் வேலை மறைந்துவிட்டது. சோடிச் சோதனை போடுங்கள். ஒவ்வொரு கிணறும் தன்னோடு தானே ஒப்பிடப்படும். நான் கையாலேயே போட்டுப் பார்த்தேன்: வித்தியாசங்களின் சராசரி 112.5, நியம விலகல் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பது) 34.5, டீ 9.2. எட்டுக் கிணற்றிலும் குறைந்திருக்கிறதே, கண்ணாலேயே தெரிகிறது.

கணக்கு வாத்தியார்
8 போதாது என்பதில் நான் மாறவில்லை.

மூதூர் வாசகன்
ஐயா, டீ சோதனையே சிறிய மாதிரிக்காகப் பிறந்ததுதான். டப்ளின் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்த கோசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய நித்திரை மருந்துத் தரவில் 10 நோயாளிகள்தான், அதுவும் சோடித் தரவு. ஆரைத் திறந்தால் உள்ளேயே இருக்கிறது. வித்தியாசங்கள் ஒரு பக்கம் சாய்ந்து மிகவும் கோணலாக இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சென்னைவாசி
இடையில் ஒரு சந்தேகம். நியம விலகல் என்பது திட்ட விலக்கம்தானே?

நிலாவெளிக் காற்று
அதேதான். எங்கள் உயர்தரப் புத்தகத்தில் நியம விலகல்.

கணக்கு வாத்தியார்
நியமம் என்பதுதான் சரி. திட்டம் என்றால் பிளான்.

சென்னைவாசி
திட்டம் என்றால் அளவாக வகுத்தது என்றும் பொருள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

உப்புவெளிப் பெண்
சோடி என்று போட்டால் சிவப்பில் பிழைச் செய்தி வருகிறது!

மூதூர் வாசகன்
நடுவில் அலைக்கோடு (~) போட்டு எழுதியிருப்பீர்கள். 4.4.0 பதிப்பிலிருந்து அந்தச் சூத்திர வடிவில் சோடியை ஆர் ஏற்பதில்லை. முன் ஒரு நிரல், பின் ஒரு நிரல், நடுவில் காற்புள்ளி வைத்துக் கொடுங்கள். எக்செலில் ஒரு நிரலை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிடாதீர்கள், வலைக் கிணறு வேறு கிணற்றோடு சோடி சேர்ந்துவிடும்.

கிண்ணியா அக்கா
அப்புறம், உப்புக் குறைந்தது என்று எழுதுங்கள். மழைதான் குறைத்தது என்று இந்தச் சோதனை சொல்லாது. நாலு மாதத்தில் வேறும் மாறியிருக்கலாம்.

உப்புவெளிப் பெண்
வந்துவிட்டது. டீ 9.21, பீ 0.00004 அளவில். எல்லோருக்கும் நன்றி.

கிண்ணியா அக்கா
நல்லது. இரண்டு தடவையும் காலையில் தண்ணீர் அள்ளும் முன்தானே அளந்தீர்கள்?