சிகாகோவில் 1 மணி 35 நிமிஷம் போதுமா?

திவ்யா: அப்பா அம்மாவுக்கு டிக்கெட் பார்த்துட்டேன். மே மாசம். சென்னை – ஃபிராங்ஃபர்ட் – சிகாகோ – இண்டியானாபோலிஸ். ஃபிராங்ஃபர்ட்ல 2 மணி 40 நிமிஷம் இருக்கு, சிகாகோல 1 மணி 35 நிமிஷம். போதுமா? ராத்திரிக்குள்ள போட்டாதான் இந்த விலை.

முரளி மாமா: மொதல்ல இதைச் சொல்லு. மூணும் ஒரே பிஎன்ஆரா, அதாவது ஒரே புக்கிங்கா, கடைசி ஃபிளைட் மட்டும் தனியா?

திவ்யா: ஒரே பிஎன்ஆர்தான் மாமா. ரெண்டு லுஃப்தான்சா, கடைசி யுனைடெட். அவங்களே விக்கறாங்கன்னா போதும்னுதானே அர்த்தம்?

முரளி மாமா: இல்லம்மா. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் ஃபிளைட் மாற எம்சிடின்னு ஒரு குறைந்தபட்ச நேரம் வச்சிருக்காங்க. அதைத் தாண்டிட்டா சிஸ்டம் வித்துடும். வியன்னாவுக்கெல்லாம் 25 நிமிஷம்தான். ஃபிளைட் லேட் ஆகாது, ஆள் வேகமா நடப்பாருன்னு நினைச்சுப் போட்ட நேரம் அது. அக்காவோட முழங்கால் வலியை யாரும் அதுல சேர்க்கல.

சுந்தர் அண்ணா: ஃபிராங்ஃபர்ட் பத்தி கவலைப்படாதே. அங்க பெட்டி எடுக்க வேண்டாம், ஜெர்மனிக்குள்ள நுழையறதில்லங்கறதால இமிகிரேஷனும் இல்ல. யுஎஸ் விசா இருக்கறதால ட்ரான்சிட் விசாவும் வேண்டாம். கைப்பைக்கு மட்டும் திரும்ப செக்யூரிட்டி உண்டு, தண்ணி பாட்டிலைக் காலி பண்ணச் சொல்லு. சில நாள் விமானத்தைத் தள்ளி நிறுத்தி பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. அப்படியே ஆனாலும் 2:40 தாராளம்.

சிகாகோதான் இடிக்குது. அமெரிக்காவுல மொதல்ல எங்க இறங்கறாங்களோ அங்கயே இமிகிரேஷன். பெட்டியையும் அங்கயே எடுத்து கஸ்டம்ஸ் தாண்டித் திரும்பக் குடுக்கணும்.

அப்பா: சென்னையிலயே கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டுடறாங்களேப்பா?

சுந்தர் அண்ணா: போட்டாலும் எடுக்கணும் சித்தப்பா. கஸ்டம்ஸ் தாண்டினதும் ரீசெக் பெல்ட் இருக்கும், டேக்கைப் பார்த்துட்டு வாங்கிப்பாங்க. கவுன்ட்டர் வரிசை கிடையாது. எடுக்காம நடந்துட்டீங்கன்னா பெட்டி சிகாகோலயே நின்னுடும்.

திவ்யா: அண்ணா, லேண்ட் ஆனப்புறம் ஓடுபாதையிலயே கால் மணி நேரம் போயிடுமே, அதையும் கழிக்கணுமா?

முரளி மாமா: வேண்டாம். டிக்கெட்ல போடற வருகை நேரம் சக்கரம் தரையைத் தொடற நேரம் இல்ல, கேட்ல வந்து நிக்கற நேரம். அதே மாதிரி புறப்பாடுன்னா கேட்டை விட்டு நகர்ற நேரம். கதவு அதுக்கு முன்னாடியே மூடிடும். யுனைடெட்ல உள்நாட்டு ஃபிளைட்டுக்கு 15 நிமிஷம் முன்னாடி கேட்ல இருந்தாகணும். அப்ப உன் கையில இருக்கறது 1:20 தான்.

சுந்தர் அண்ணா: இப்ப கணக்குப் போடு. பகல் 1:00க்கு கேட். பின் வரிசை சீட்டு, இறங்க 15 நிமிஷம். ஐரோப்பா ஃபிளைட் எல்லாம் அந்த நேரத்துலதான் ஒண்ணா வந்து கொட்டும். இமிகிரேஷனுக்கு 45 நிமிஷம்னு வை, ஒண்ணரை மணி நேரமும் ஆகலாம். மணி 2:00. அதுக்குள்ள பெட்டி பெல்ட்ல வந்திருக்கும், எடுக்க 10. கஸ்டம்ஸும் ரீசெக்கும் 10. 2:20 ஆச்சு.

உன் யுனைடெட் 2:35. அதாவது கதவு மூடற நேரத்துல இவங்க ரீசெக் பெல்ட்ல பெட்டியைத் தூக்கி வச்சுட்டிருப்பாங்க. இறங்கறது டெர்மினல் 5, யுனைடெட் டெர்மினல் 1. நடுவுல ரயில் செக்யூரிட்டிக்கு வெளிய ஓடுது. அதனால ரயிலுக்கு 15 நிமிஷம், திரும்ப டிஎஸ்ஏங்கற செக்யூரிட்டி வரிசை 25, கேட்டுக்கு நடக்க 10. 3:10க்கு முன்னாடி வாய்ப்பே இல்ல.

திவ்யா: மொபைல் பாஸ்போர்ட் ஆப் போட்டா இமிகிரேஷன்ல தனி வரிசையாமே?

சுந்தர் அண்ணா: சிட்டிசன், கிரீன் கார்டுன்னு சில பேருக்குத்தான் அது. இந்தியப் பாஸ்போர்ட்ல விசிட்டர் விசான்னா கிடையாது.

முரளி மாமா: வீல்சேர் இப்பவே கேட்டுடு. படி ஏறுவாங்க, தூரம் நடக்க முடியாதுங்கற வகையைச் சொல்லு. வீல்சேர் இருந்தா சீக்கிரம் போயிடலாம்னு மட்டும் நினைக்காதே. எல்லாரும் இறங்கின பிறகுதான் இவங்களை இறக்குவாங்க, ஆள் வர்றதுக்கும் காத்திருக்கணும். வரிசையில மிச்சமாகறது கதவுகிட்டயே போயிடும். வழி தெரியாம அலைய வேண்டாம், அதுக்காகவே கேக்கலாம்.

அம்மா: கறிவேப்பிலை காயவச்சு எடுத்துட்டு வரலாமா?

சுந்தர் அண்ணா: வேண்டாம் சித்தி. பச்சை இலைக்கு அனுமதியே இல்ல, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கற பூச்சி அதுல வருதுன்னு. காஞ்சதுன்னாலும் பெட்டியைத் திறந்து கேள்வி கேப்பாங்க, அங்க அரை மணி போயிடும். பொடி, ஊறுகாய் பரவாயில்ல, சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு சொல்லிடுங்க. ஊறுகாய் பெரிய பெட்டியிலதான், கைப்பையில வேண்டாம்.

திவ்யா: சரி, தவற விட்டா என்ன ஆகும்?

முரளி மாமா: நிமிஷத்தை விட அதுதான் முக்கியம். ஒரே பிஎன்ஆர்ங்கறதால அடுத்த ஃபிளைட்ல காசில்லாம ஏத்துவாங்க. அன்னைக்கு இண்டியானாபோலிஸுக்கு இன்னும் ரெண்டு மூணு ஃபிளைட் இருந்தா பயமில்ல. கடைசி ஃபிளைட்டைத் தவற விட்டா ராத்திரி அங்கதான். தனித்தனி டிக்கெட்னா நோ-ஷோ, அதாவது ஆள் வரலன்னு கணக்கு, புதுசா வாங்கணும். ரீசெக் பெல்ட்லயும் பெட்டியை வாங்க மாட்டாங்க, டெர்மினல் 1 கவுன்ட்டர்ல 45 நிமிஷம் முன்னாடி போட்டாகணும்.

திவ்யா: 2:35க்கு அப்புறம் 5:50 இருக்கு, 9:30 இருக்கு. 5:50க்கு மாத்தினா ஆளுக்கு 2,800 ரூபாய் கூட. இல்லன்னா நானே கார்ல சிகாகோ வந்துடவா? மூணு மணி நேரம்தான். கடைசி ஃபிளைட்டை விட்டுடலாம்.

முரளி மாமா: ஐயோ, அதைச் செய்யாதே! ஒரு ஃபிளைட்ல ஏறலன்னா அதுக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் கேன்சல், திரும்பி வர்ற டிக்கெட்டும் சேர்த்து. கார்ல கூப்பிடறதா இருந்தா சிகாகோ வரைக்கும் மட்டும் டிக்கெட் போடு.

சுந்தர் அண்ணா: அபுதாபி வழியும் ஒரு தடவை பாரு. அமெரிக்க இமிகிரேஷன், கஸ்டம்ஸ் அங்கயே முடிஞ்சுடும், சிகாகோல உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கலாம். ஒரே டிக்கெட்னா பெட்டியையும் தொட வேண்டாம். ஆனா அபுதாபியில 3 மணி நேரமாவது வேணும்.

திவ்யா: பார்த்தேன், ரெண்டு பேருக்கும் சேர்த்து 41,000 கூட வருது. 5:50க்கே போட்டுடறேன்.

முரளி மாமா: போட்டதும் டிக்கெட் நம்பரைப் பாரு. 13 இலக்கம், லுஃப்தான்சான்னா 220ல ஆரம்பிக்கும். போக வர ஆறு ஃபிளைட், ஒரே நம்பர்ல அடங்காதுங்கறதால ஆளுக்கு அடுத்தடுத்த ரெண்டு நம்பர் வரும், அது சரிதான். அப்புறம் அத்தான், சென்னையில பெட்டி போடும்போது டேக்ல கடைசியா ஐஎன்டின்னு இண்டியானாபோலிஸ் கோட் இருக்கான்னு பார்த்துட்டு நகருங்க. மூணு போர்டிங் பாஸும் அங்கயே கேட்டு வாங்கிக்குங்க.

அப்பா: சரி முரளி. அம்மாவுக்கு நடுச் சீட்டு வேண்டாம் திவ்யா, ஓரத்துல போடு.