'சங்க்': துண்டு வேண்டாம், கொத்து என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நினைவு, சிந்தனை ஆகியவற்றை ஆராயும் அறிகை உளவியலுக்கான நம் சொற்பட்டியலில், பலவற்றைச் சேர்த்து நினைவு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் தொகுதியைக் குறிக்கும் 'சங்க்' (chunk) என்பதற்கு நேரே 'துண்டு' என்று எழுதி முடித்துவிடலாம் என மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அகராதிப்படி துண்டு சரிதான்; உளவியலில் அது பொருளையே தலைகீழாக்கிவிடும். ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி: போன வாரம் என் கட்டுரைப் படியை உரக்கப் படித்த மாணவி, அதைச் 'சங்கு' என்றுதான் படித்தாள்.

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் இந்தச் சொல்லை எதற்காக எடுத்தார் என்று பாருங்கள். 1913இல் உளவியலாளர் ஜான் வாட்சன் அறிவித்த நடத்தையியல், கண்ணுக்குத் தெரியும் நடத்தை மட்டுமே ஆய்வுக்குரியது என்றது. அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் மனத்தைப் பற்றிய பேச்சு பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடந்தது. 1948இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவலைப் பிட் கணக்கில் (ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வது ஒரு பிட்) அளக்க வழி சொன்னதும், மனத்தையும் அப்படி அளந்துவிடலாம் என்ற ஆர்வம் பிறந்தது. ஆனால் கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் நினைவு பிட் கணக்குக்குக் கட்டுப்படவில்லை என்று மில்லர் கண்டார். தனி எழுத்தானாலும் முழுச் சொல்லானாலும், நிற்பது ஏறக்குறைய ஏழு உருப்படி. ஓர் உருப்படிக்குள் எவ்வளவு அடங்கும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. பிட்டிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அதற்குத் தனிப்பெயர் வைத்தார். சிட்னி ஸ்மித் என்ற ஆய்வாளர், பூஜ்யமும் ஒன்றுமாக வரும் இலக்கங்களைச் சில சிலவாகச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே எண்ணாக மாற்றிப் பழகி, 40 இலக்கம் வரை திருப்பிச் சொன்னதை மில்லர் குறிப்பிடுகிறார். ஸ்மித் எதையும் துண்டாக்கவில்லை, சேர்த்துக் கட்டினார்.

தந்திப் பயிற்சியையும் மில்லர் எடுத்துக்காட்டுகிறார். அதைப் படித்தபோது என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மேற்கு மாம்பலத்தில் இருந்தார். "அவ்வளவு வேகத்தை எப்படிக் காதில் வாங்கினீர்கள், பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே, "டா, டிடிடிடி, டி" என்றார். நெடிய ஒலி ஒன்று, குறிய ஒலி ஐந்து. தந்தியின் மோர்ஸ் குறியீட்டில் அது ஆங்கிலத்தின் 'தி' (the) என்ற மூன்றெழுத்துச் சொல். "முதல் மாதம் இது ஆறு ஒலி. பிறகு மூன்று எழுத்து. அப்புறம் எண்ணவே மாட்டாய், ஒரே சத்தமாக வந்து விழும்" என்றார். மில்லரின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை.

அந்த 'ஒரே சத்தம்' துண்டு ஆகுமா? கொத்து என்றால் பொருந்துகிறது. சாவிக்கொத்தைக் கை ஒரே பொருளாக எடுக்கிறது. உள்ளே ஒவ்வொரு சாவியும் தனியாகவே இருக்கிறது. கொத்துக்குள் கொத்தும் அமையும்: ஒலிகள் எழுத்தாக, எழுத்துகள் சொல்லாக. கொத்துதல் என்றால் வெட்டுதல் அல்லவா, கொத்துக்கறி இல்லையா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் வினையை அப்படியே எடுக்காமல், செயலுக்குக் 'கொத்தாக்கம்' என்கிறேன். பெயர்ச்சொல்லில் குழப்பம் வராது. பூங்கொத்து என்றதும் யாருக்கும் அரிவாள் நினைவு வருவதில்லை.

'சீர்' என்று எழுதிய ஐயாவின் யோசனை என்னை ஒரு நாள் முழுவதும் பிடித்து வைத்திருந்தது. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. குறளுக்கோ நான்கும் மூன்றும் ஏழு சீர். ஆசையாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் சீரின் அளவை யாப்பிலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. மனம் கட்டும் கொத்தின் அளவோ ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறாக இருந்தது பெரியப்பாவுக்கு ஒன்று. மில்லர் சொன்ன அந்த ஏழும் உறுதியாக நிற்கவில்லை. பழகிய கொத்தாக்கத்தைத் தடுத்துவிட்டால் நான்கு அளவில்தான் தங்குகிறது என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். ஏழை நம்பிச் சொல்லை அமைத்தால் பிறகு திருத்த வேண்டிவரும்.

'கற்றை'யை ஒளியியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

ஸ்மித் செய்த எண் மாற்றத்துக்கு 'மறுகுறியாக்கம்' (recoding) என்று குறித்து வைத்திருக்கிறேன். நாவில் எளிதாகப் புரளவில்லை. இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து